தெரியாது என்ற கட்டம்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

போன ஞாயிறு போனில் நான் கத்தியதும் நீ "என்ன, என்ன" என்று கேட்டதும் போதும். நான் போனை வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். இருபத்தாறு வருஷம் இயந்திரச் சுத்தியல் பட்டறையில் நின்று காதைத் தொலைத்தவனோடு இனி காகிதத்தில்தான் பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். மெசேஜ் அனுப்பினால் நீ திறப்பதே இல்லையாம், அண்ணி சொன்னார். கடிதம் என்றால் கவரையாவது கிழிப்பாய்.

செய்தி இதுதான். இந்த வருஷம் எம்.டி. என்னை முதல் கூட்டத்துக்கே கூப்பிட்டார். உனக்கு இது பெரிதாகத் தோன்றாது. நான் மனிதவளத் துறைக்குத் தலைவி என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஆனால் இங்கே எல்லாம் முடிவாகி, குடித்த கோப்பைகளை எடுத்துப் போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு ஒரு லெட்டர் அடிச்சுக் குடுத்துடுங்க மேடம்" என்பார்கள். பத்தொன்பது வருஷம் அப்படித்தான். இந்தத் தடவை ஐந்து வருஷத் திட்டம் போடுகிறார்கள். எந்த ஆர்டர், எந்த இயந்திரம் என்பதோடு யாருக்கு என்ன வேலை தெரியும், என்ன கற்றுக்கொடுக்க வேண்டும், யார் ஓய்வு பெறும்போது யார் அந்த இடத்துக்குத் தயார் என்பதும் சேர்ந்தே வர வேண்டும் என்று எம்.டி. சொன்னார். நான் இத்தனை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டது அதைத்தான்.

சந்தோஷப்படக்கூட நேரமில்லை. இரண்டு பெரிய ஆர்டர் கைநழுவிவிட்டது. திட்டம் சரியாக வராவிட்டால் ஆளைக் குறைப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதற்கு முன்னால் நான் ஓட வேண்டும்.

நீயும் இதே கம்பெனிதான், அதனால் உன்னிடம் ஓர் உதவி. உன் பட்டறையில் உன்னைச் சேர்த்து நாற்பத்தொரு பேர். என் ஃபைலில் அவர்களுடைய சான்றிதழ்தான் இருக்கிறது, அவர்கள் இல்லை. ஒரு அட்டவணை அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கட்டம். தெரியாது, கூட ஆள் இருந்தால் தெரியும், தனியாகத் தெரியும், பிறருக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியும். நீ ஃபோர்மேன், உன்னிடம் உண்மையைச் சொல்வார்கள். முதல் கட்டத்தை வெட்கப்படாமல் நிரப்பச் சொல். எத்தனை பேருக்குத் தெரியாதோ அத்தனை பேருக்குத்தான் நான் பயிற்சி வாங்க முடியும். இது பயிற்சிக்கு மட்டும், வேறு எதற்கும் போகாது. என் வார்த்தை.

அண்ணிக்கு என் அன்பு. காது டாக்டரிடம் போனாயா?

உன்,
குட்டி

*

பிப்ரவரி 22

குட்டிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி எனக்கு முன்னால் பிரித்து, எனக்கு முன்னால் படித்து, "உங்க தங்கச்சி பெரிய ஆளாயிட்டா" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் என் கையில் கொடுத்தாள். பெருமையாகத்தான் இருந்தது. பட்டறையில் மட்டும் உன் துறைக்குப் பெரிய பேர் கிடையாது. எங்களுக்கு நீங்கள் என்றால் பாதுகாப்புச் செருப்பும் நிராகரித்த லீவும்தான். நீ கூட்டத்துக்குப் போன செய்தியைச் சொன்னேன். "அப்ப எட்டாம் நம்பர் செருப்பு இந்த வருஷமாவது வருமா?" என்று கேட்டார்கள்.

அட்டவணையை முடித்துவிட்டேன். உலைக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில், இடைவேளையில், ஆளுக்கு ஒரு டீ. பதினைந்து நாள் ஆனது. யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நான் கேட்டேன் என்பதற்காகச் சொன்னார்கள், குட்டி. சில பேர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார்கள்.

இடுக்கியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். உலையிலிருந்து சிவந்த இரும்பை இடுக்கியால் பிடித்துச் சுத்தியலுக்கு அடியில் வைக்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக என் எதிரே நிற்கிறான், அவனுடைய சொந்தப் பேர் சொன்னால் பட்டறையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். புதிதாக வைத்த கணினித் திரை அவனுக்குப் படிக்கத் தெரியாதாம். "மூணு வருஷமா பட்டனோட நிறத்தை வெச்சுத்தான் அமுக்குறேன். அதுல வர்ற எழுத்து ஒண்ணும் புரியல. உன்கிட்ட மட்டும் சொல்றேன்" என்றான். தலையைக் குனிந்துகொண்டு டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான், அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது. பிசிறு வெட்டுகிற மெஷினில் நிற்கும் நெட்டைக்கு இடது கண் மங்கிவிட்டது. அதையும் எழுதியிருக்கிறேன். என் பேருக்கு எதிரில், எச்சரிக்கை மணி கேட்காது, விளக்கு வைத்தால் நல்லது என்று எழுதியிருக்கிறேன்.

நாலு பேர் எல்லாமே தெரியும், கற்றுக்கொடுக்கவும் தெரியும் என்று கதை அளந்தார்கள். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டேன். போகட்டும்.

இதெல்லாம் உனக்கு எழுதியது. பத்திரம்.

அண்ணன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

உன் அட்டவணையைச் சுவரில் போட்டுக் காட்டினேன். இத்தனை யூனிட்டில் இப்படி உள்ளது உள்ளபடி எழுதி வந்த காகிதம் இது ஒன்றுதான். எம்.டி. பேனாவை மூடி வைத்துவிட்டு, "யார் எழுதினது இது?" என்று கேட்டார். என் அண்ணன் என்று சொல்லவில்லை, ஃபோர்மேன் என்று சொன்னேன்.

பயிற்சிக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஜூன் பதினாறாம் தேதி பயிற்சியாளர் உங்கள் இடத்துக்கே வருகிறார், ஆறு வாரம் தங்குவார். அந்தத் திரையைத் தமிழில் மாற்றித்தரச் சொல்லியும் எழுதியிருக்கிறேன். இடுக்கியிடம் சொல்.

உங்கள் பட்டறையில் பாதி உருப்படியை வாங்குகிற வாடிக்கையாளர் வேறு இடம் பார்க்கிறார் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. நிதித் துறைத் தலைவர் அந்த அட்டவணையில் ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன். பயப்பட ஒன்றுமில்லை.

இதை எழுதிவிட்டு ஏன் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

குட்டி

*

மே 5

அண்ணா,

இந்தக் கடிதத்தை நான் எழுதவே கூடாது. எழுதினது தெரிந்தால் என் வேலை போகும். படித்ததும் கிழித்துவிடு, அண்ணியிடம்கூடக் கொடுக்காதே.

உங்கள் பட்டறையில் இரண்டு சுத்தியலில் ஒன்றை நிறுத்தப்போகிறார்கள். நாற்பத்தொரு பேரில் பதினெட்டுப் பேர் இருந்தால் போதும் என்று முடிவு. வாடிக்கையாளர் போய்விட்டார். நேற்றுக் கூட்டத்தில் என்னைப் பார்த்து எம்.டி. சாதாரணமாகச் சொன்னார்: "லிஸ்ட் போடுறது கஷ்டமில்ல. உங்ககிட்டதான் அந்த அட்டவணை இருக்கே."

அது பயிற்சிக்காக வாங்கியது என்று சொன்னேன். ஆளுக்கு ஒரு வார்த்தை கொடுத்து வாங்கியது என்று சொன்னேன். என் குரல் கிறீச்சென்று போனது எனக்கே கேட்டது. நிதித் துறைக்காரர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அவர் ஏற்கெனவே போட்டுவிட்டார், அண்ணா. ஏப்ரலிலேயே போட்டிருக்கிறார். முதல் கட்டத்தில் மூன்று குறிக்கு மேல் இருக்கிறவர்கள் எல்லாரும் வெளியே. இடுக்கிக்கு ஐந்து. நெட்டைக்கு நான்கு. நீ உள்ளே இருக்கிறாய், பட்டியலில் முதல் பேர் உன்னுடையது.

மேசையில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும், பிறகு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். நாற்காலி கிடைத்ததுக்கு நான் கொண்டுபோன சீர்வரிசை இதுதான் போலிருக்கிறது.

மூன்று வாரம் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். வேலை நாளைக் குறைத்து எல்லாரையும் வைத்துக்கொள்வது, கொஞ்சம் பேரைப் பக்கத்து யூனிட்டின் கடைசல் பிரிவுக்கு மாற்றிப் பயிற்சி கொடுப்பது என்று ஒரு மாற்றுத் திட்டம் போடுகிறேன். பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டு அந்தச் சுத்தியல் ஓடாது என்று நிரூபிக்க வேண்டும். எனக்கு அது தெரியாது, உனக்குத்தான் தெரியும். தயவுசெய்து எழுது. கோபம் வரும், வரட்டும், எழுதிவிட்டுக் கோபப்படு.

குட்டி

*

மே 11

குட்டிக்கு,

கிழித்துவிட்டேன். கிழித்து என்ன, மனப்பாடம் ஆகிவிட்டது.

நீ கேட்டதை முதலில் எழுதுகிறேன். சுத்தியலுக்கு அடியில் இருக்கிற அச்சை மாற்றிப் பூட்ட ஏழு பேர் வேண்டும், அதில் இரண்டு பேருக்கு எடை தூக்குகிற கை பழகியிருக்க வேண்டும். இரண்டு ஷிப்டுக்குப் பதினான்கு. உலையில், பிசிறில், சோதனையில் யார் நிற்பது? இரண்டு பேருக்கு ஒரே நாளில் காய்ச்சல் வந்தால் சுத்தியல் படுத்துவிடும். இன்னொன்று. இடுக்கிக்குத் திரை தெரியாது, சரி. இரும்பின் நிறம் தெரியும். கொஞ்சம் மங்கலாக இருந்தால் உலையிலிருந்து எடுக்கவேமாட்டான், நான் கத்தினாலும் எடுக்கமாட்டான். அவன் நிற்கிற ஷிப்டில் ஒன்பது வருஷமாக ஒரு அச்சு விரிசல் விட்டதில்லை. உன் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெள்ளை மீசைக்காரர் ஒருவர் பழுது பார்க்கிற பிரிவில் இருக்கிறார், அவருக்கும் நாலு "தெரியாது". அவர் கையை வைத்துப் பார்த்தே பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். அதற்கும் கட்டம் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் உன் எம்.டி.யிடம் கேள். என்னிடம் அளந்தவர்கள் நாலு பேரும் உள்ளே இருக்கிறார்களா? இருப்பார்கள். உள்ளதைச் சொன்னவன் வெளியே, கதை அளந்தவன் உள்ளே. அந்தத் திட்டத்துக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள்?

தினமும் இடுக்கியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். "ஜூன்ல கிளாஸ் ஆரம்பிச்சா நோட்டு வாங்கணுமா?" என்று கேட்கிறான். வாங்க வேண்டாம், அவர்களே தருவார்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கை கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

பட்டியலிலிருந்து என் பேரை எடு. மற்றதெல்லாம் நீ பார்.

அண்ணன்

*

மே 24

அன்புள்ள அண்ணா,

நீ எழுதியதைப் படம் போட்டு, எண் போட்டு, நாற்பது நிமிஷம் பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் பேசியதில்லை. ஏழு பேர் விஷயம் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. எம்.டி. குறித்துக்கொண்டார். இரும்பின் நிறத்தைச் சொன்னபோது நிதித் துறைக்காரர், "அதுக்கு மீட்டர் வாங்கிடலாம்" என்றார். அளந்தவர்களைச் சொன்னபோது எம்.டி. என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா தெரியாதுன்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானே?"

கடைசியில் பதினெட்டு இருபத்துநான்கு ஆனது. ஆறு பேர். அதற்குமேல் ஒரு பேர்கூட நகரவில்லை. வேலை நாளைக் குறைப்பது முடியாது என்றார்கள். பக்கத்து யூனிட்டில் ஏற்கெனவே ஆள் அதிகமாம். மீசைக்காரர் தப்பினார். நெட்டையும் இடுக்கியும் இல்லை. இடுக்கிக்காக நான் இரண்டு தடவை எழுந்தேன். இரண்டாவது தடவை எழுந்தபோது எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நான் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் வெளியிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து பழைய பதினெட்டையே போடுவோம் என்று சொன்னார்கள். அது நிஜம், மிரட்டல் இல்லை. அந்த ஆறு பேரை நினைத்துப் போட்டேன். இப்படிச் சொல்லிக்கொள்கிறேனா, நிஜமாகவே அப்படித்தானா என்று எனக்கே பிடிபடவில்லை.

உன் பேரை எடுக்க முடியாது, அண்ணா. ஃபோர்மேன் இல்லாமல் அந்த இருபத்துநான்கும் நிற்காது.

மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம், கேட்டில் அட்டையை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு மட்டும் நான் ஒப்பவில்லை. ஜூன் மூன்றாம் தேதி நானே வந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறேன். இரண்டாம் தேதி சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். அண்ணியிடம் சொல்லிவை.

குட்டி

*

மே 28

குட்டிக்கு,

வீட்டுக்கு வராதே. பட்டறைக்கு வா. ஓட்டலில் தங்கிக்கொள். உன் அண்ணி அழுகிறாள், ஆனாலும் இப்படித்தான் எழுதுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

அட்டவணையை எழுதினது நான் என்று எல்லாருக்கும் தெரியும். அது எங்கே போனது என்று தெரியாது. நீ வந்து கவரை நீட்டுகிற அன்றைக்குத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நேற்று நானே சொல்லிவிட்டேன். சுத்தியலை நிறுத்தி, எல்லாரையும் கூப்பிட்டு, யார் யாருக்கு என்று சொல்லாமல், இத்தனை பேர் போகிறார்கள், நான் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் முடிவு செய்தார்கள் என்று சொன்னேன். உன் கம்பெனி ரகசியம் போயிற்று. என்ன வேண்டுமானாலும் நடவடிக்கை எடு.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் எனக்குப் பாதிதான் கேட்டிருக்கும். வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு வாயும் அசையவில்லை. கூட்டம் கலைந்த பிறகு இடுக்கி மட்டும் கிட்டே வந்தான். என் முகத்துக்கு நேராக, எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகக் கேட்டான்.

"திரை விஷயத்தையும் எழுதினியா?"

"எழுதினேன்."

தலையை ஆட்டினான். போய்த் தன் இடுக்கியை எடுத்துக்கொண்டு ஷிப்டு முடிகிறவரை வேலை செய்தான். நூற்று எண்பது உருப்படி. ஒன்றுகூடக் கோணவில்லை. இன்று சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்காரவில்லை.

அண்ணன்

*

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

ஊர் திரும்பி ஐந்து நாளாகிறது. நீ என்னோடு பேசாமல் இருந்ததால், அன்று அந்த அறையில் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. எழுதிவிடுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பயிற்சி வகுப்புக்கென்று ஏப்ரலில் வெள்ளையடித்த அதே அறையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். பதினேழு பேர். நெட்டை கவரை வாங்கி, கண்ணுக்கு மிகக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்" என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. ஒருவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார், மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன், அப்போதுதான் எடுத்தார்.

இடுக்கி உட்கார்ந்தார். கவரைப் பிரித்து என்னிடமே நீட்டி, "நீங்களே வாசிச்சிருங்க" என்றார். நான் எழுதிய வாக்கியத்தை நானே வாசித்தேன். நிறுவனத்தின் எதிர்காலத் திறன் தேவைகளுக்கு ஏற்ப என்று ஆரம்பிக்கிறது.

"இதுல நான் என்ன தப்புப் பண்ணேன்னு போட்டிருக்கா?"

"இல்லை."

"வேலை தெரியாதுன்னு போட்டிருக்கா?"

"அப்படி நேராப் போடல."

"அப்ப எப்படிப் போட்டிருக்கு?"

அண்ணா, பத்தொன்பது வருஷமாக இப்படிப்பட்ட கடிதங்களை எழுதுகிறேன். அவர் காத்திருந்தார், கோபமாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல. அப்புறம் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கடைசியில் நீ வந்தாய். உனக்குக் கவர் கிடையாது. நீ ஒரு காகிதத்தை வைத்தாய். "தங்கச்சிகிட்ட குடுக்கல. மேடம்கிட்ட குடுக்கிறேன்" என்றாய். ராஜினாமா. என் இடத்தில் இடுக்கியை வைத்துக்கொள்ளுங்கள் என்று கீழே ஒரு வரி.

அதை எடுத்துக்கொண்டு எம்.டி.யிடம் போனேன். அவர் படித்தார். "நல்ல மனுஷன்" என்றார். "அப்ப இருபத்துமூணு" என்றார். அந்த இடத்துக்கு ஆள் தேவையில்லையாம், உள்ளே இருக்கிற ஒருவரையே ஃபோர்மேனாக்கிவிடலாமாம். அளந்த நாலு பேரில் ஒருவர் அவர். நான் பேசினேன், கெஞ்சினேன், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

உன் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளும் கடிதத்தில் சட்டப்படி நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் போடவில்லை. பதினைந்து நாளுக்குள் நீ திரும்பப் பெறலாம். நீ போவதால் இடுக்கிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றுமே கிடைக்கவில்லை, அண்ணா. தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள். காலில் விழுந்து கேட்கிறேன்.

குட்டி

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணா,

ஜூனில் எழுதினேன், ஜூலையில் எழுதினேன். பதில் இல்லை. நீ திரும்பப் பெறவில்லை, கெடு முடிந்த அன்று நான் கையெழுத்துப் போட்டேன், உனக்கு அது வந்து சேர்ந்திருக்கும். அண்ணி வாரம் ஒரு தடவை "நலம்" என்று ஒரு சொல் அனுப்புகிறார். அதைப் பார்த்துத்தான் அந்த வாரத்தை ஓட்டுகிறேன்.

ஒரு விஷயம் கேள். ஏப்ரலில் ஏற்பாடு செய்த பயிற்சியாளர் ஜூன் பதினாறாம் தேதி வந்திருக்கிறார். ரத்து செய்ய யாருக்கும் ஞாபகமில்லை, எனக்கும்தான். திரையை மாற்றிக்கொண்டு, நாற்பத்தொரு நோட்டுப் புத்தகத்தோடு வந்திருக்கிறார். பதினொரு பேர் வந்து உட்கார்ந்தார்களாம்.

உன் அட்டவணை இல்லாமல் இது இவ்வளவு சுமுகமாக முடிந்திருக்காது என்று எம்.டி. எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். இப்போது மற்ற நான்கு யூனிட்டுக்கும் அதேபோல் வேண்டுமாம். போன வாரம் ஒன்றுக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொருவரும் "எல்லாம் தெரியும் மேடம்" என்றார்கள். தரம் பார்க்கிற மேசையில் என் வயதுப் பெண் ஒருவர் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு எல்லா வேலையும் தெரியும். உங்க அண்ணன் பட்டறையில நடந்ததும் தெரியும்."

இனி இந்தக் கம்பெனியில் ஒருத்தரும் தனக்குத் தெரியாததைச் சொல்லமாட்டார்கள். யாருக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று இனி யாருக்கும் தெரியாது. எந்த ஐந்து வருஷத் திட்டத்திலும் இதை எழுதவும் முடியாது.

ராஜினாமா எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தேதி மட்டும் போடவில்லை. காலையில் எடுக்கிறேன், சாயங்காலம் வைக்கிறேன். போய்விட்டால் நான் நல்லவளாகிவிடுவேனா, தப்பித்தவளாகிவிடுவேனா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கிற மாதிரி எனக்கு இருந்தது நீ ஒருத்தன்.

ஒரு வரி போதும். திட்டியாவது எழுது.

குட்டி

*

அக்டோபர் 3

குட்டிக்கு,

மூன்று கடிதமும் வந்தது. முதல் இரண்டையும் பிரிக்கவில்லை. மூன்றாவதை உன் அண்ணி பிரித்துவிட்டாள், பிறகு மற்றதையும் பிரித்தேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜன்னல் கம்பி, கேட்டு செய்கிற சின்னப் பட்டறை. முதலாளிக்கு என் வயதில் பாதி. "அண்ணே, கொஞ்சம் மெதுவா அடிங்க, இது கம்பிதான்" என்கிறார். நெட்டை அவருடைய மச்சான் கடையில் இருக்கிறார். மற்றவர்களில் பாதிப் பேர் எங்கே என்று எனக்குத் தெரியாது. தெருவில் ஒருவனைப் பார்த்தேன், எதிர்ப் பக்கம் போய்விட்டான்.

சுத்தியலில் செப்டம்பரில் இரண்டு அச்சு விரிசல் விட்டதாம். மீட்டர் எண்ணைக் காட்டுகிறது, எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. இடுக்கியைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். பழைய வேலையாக அல்ல, ஒப்பந்தக் கூலியாக, தேவைப்படுகிற நாளுக்கு மட்டும். அந்தத் தாளிலும் உன் கையெழுத்துத்தான்.

அவன் போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தான். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. வாசலிலேயே நின்று, "போகட்டுமா?" என்று கேட்டான். போ என்றேன். வேறு என்ன சொல்ல? அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்தான். உன் அண்ணி டீ கொடுத்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அன்னிக்கு என் பேருக்கு நேரா எழுதும்போது என்ன நெனச்சு எழுதின?"

"உனக்குக் கத்துக்கொடுப்பாங்கன்னு நெனச்சு எழுதினேன்."

"நானும் அப்படி நெனச்சுத்தான் சொன்னேன்" என்றான். குடித்து முடித்துவிட்டுப் போனான். மறுபடி வருவானா என்று தெரியாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். வேலையை விடாதே. நீ நல்லவள் என்பதற்காகச் சொல்லவில்லை. நீ எழுந்தால் அந்த நாற்காலியில் உட்காருகிறவனுக்கு இரண்டாவது தடவை எழுந்து நிற்கக்கூடத் தெரியாது. அந்த ஆறு வீட்டில் யாரும் உனக்கு நன்றி சொல்லமாட்டார்கள், அவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

ஆனால் இனி யாரிடமும் போய் உண்மை கேட்காதே, குட்டி. முதலில் உன் எம்.டி.யிடம் போ. இந்த அட்டவணையை வைத்து யாரையும் அனுப்பமாட்டோம் என்று அவர் கையால் எழுதி வாங்கு. அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டு. அவர் எழுதமாட்டார் என்றால் நீயும் கேட்காதே, எல்லாரும் எல்லாம் தெரியும் என்றே சொல்லிக்கொண்டு இருக்கட்டும். உன் வார்த்தை போதும் என்று நான் நினைத்தேன். உன் வார்த்தை நல்ல வார்த்தைதான். ஆனால் அது உன்னுடையது, கம்பெனியுடையது இல்லை. அது உனக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரியவில்லை. நாற்பது பேர் என்னை நம்பிச் சொன்னார்கள், நான் உன்னை நம்பி எழுதினேன், நீ அவரை நம்பிக் கொடுத்தாய். அவர் யாரையும் நம்ப வேண்டிய இடத்தில் இல்லை.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று உன் அண்ணி கேட்கிறாள். கோபம் குறைந்துவிட்டது. அது இருந்த இடத்தில் வேறு என்னவோ இருக்கிறது, அதற்கு என்ன பேர் என்று தெரியவில்லை. அன்று அந்த அறையில் உன் முன்னால் நின்றபோது உன் கை மேசைமேல் இருந்தது, விரல் நகமெல்லாம் கடித்துப் போட்டிருந்தாய். அதைப் பார்த்துவிட்டுத்தான் வேகமாக வெளியே வந்தேன்.

உன் அண்ணி பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு, "அவளை வரச் சொல்லி எழுதுங்க" என்கிறாள். எழுதப் பார்த்தேன். அந்த வரி வரவில்லை. வராதே என்று எழுதவும் முடியவில்லை. இப்போதைக்குக் கடிதம் மட்டும்தான் என்னால் முடியும்.

பதில் போடு.

அண்ணன்